துண்டுக்கு மட்டும் சிவப்பு

போன மாதம் நம் போட்டோக்காரர் சங்கத்துப் பையன்கள் மூன்று பேர் ஒரு கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். படம் பூராவும் கறுப்பு வெள்ளை. பெண் கையிலிருந்த பூச்செண்டு மட்டும் சிவப்பு. "பிலோமி அக்கா, இது கம்ப்யூட்டர்ல செய்யுத புது ஸ்டைலு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எண்பதை நெருங்குகிறவளை இன்னும் அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகளிடம் கோபப்படவும் முடியவில்லை. "ஏலே, நான் பாத்திருக்கேனாவா? நான் அதுலதான் சோறு தின்னேன்" என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். சங்க மலருக்கு எழுதியே ஆகவேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் அவனிடம் ஒன்று கேட்டேன்: "ஏன் பூச்செண்டு?" அவன் முழித்தான். "நல்லா இருந்துச்சுக்கா" என்றான். நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைத் தொட்டிருக்க முடியாது. அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மாப்பிள்ளைக்குக் காத்திருந்தார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது. கையில் கிடைத்த காலண்டர், பிஸ்கட் டப்பா லேபிள், பூசைப் புத்தகத்துப் படம் எல்லாவற்றுக்கும் வர்ணம் அடித்து முடித்துவிட்டு, கடைசியில் எங்கள் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூட குரூப் போட்டோவிலேயே கை வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருந்த செல்லையா அண்ணாச்சியின் ஸ்டூடியோவுக்குப் போய், வேலை வேண்டும் என்று நின்றேன்.

அண்ணாச்சி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இந்த மதருக்கு லிப்ஸ்டிக் போட்டது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

"அவுககிட்ட கேட்டுட்டுப் போட்டியா?"

"இல்ல."

"அதான் இந்த முறை முறைக்காக."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். பெண்கள் பக்கத்தைக் கவனிக்க அந்த அம்மா எப்போதும் கடையிலேயே இருப்பார் என்பதால்தான் அப்பாவும் சம்மதித்தார். அப்படி உள்ளே நுழைந்தவள், கலர் பிலிம் ஊருக்கு வந்து எங்கள் வேலையை வாங்கிக்கொள்ளும்வரை வெளியே வரவில்லை.

தொழில் பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. மினுமினுப்பில்லாத தாளில் போட்ட பிரிண்ட்தான் வர்ணத்தை வாங்கும். டியூபில் வரும் எண்ணெய் வர்ணம். தென்னை ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு, கடுகளவு வர்ணம் தொட்டு, தாளில் வைத்து, தேய்த்துத் தேய்த்து, கடைசியில் ஒரு சாயல் மட்டும் மிஞ்சும்படி எடுக்கவேண்டும். கீழே இருக்கிற நிழல் அப்படியே தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் அதற்குப் பெயர் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. ஓரம் தாண்டிவிட்டால் டர்பண்டைன் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். துடைப்பதற்கும் ஒரு திசை உண்டு. வெளியிலிருந்து வர்ணத்தை நோக்கித்தான் பஞ்சு வரவேண்டும். உள்ளேயிருந்து வெளியே இழுத்தால் ஒரு கண்ணின் கறுப்பு கன்னம் வரைக்கும் வந்து நிற்கும். நம் ஊர் உப்புக்காற்றில் எண்ணெய் வர்ணம் சீக்கிரம் காயாது. காய்ந்துவிட்டதோ, பிறகு எந்த டர்பண்டைனுக்கும் அசையாது.

அண்ணாச்சி கொழும்பில் தொழில் படித்தவர். ஆட்களைக் கையால் தொடமாட்டார். மோவாயை நிமிர்த்த வேண்டுமானால் ஒரு மர ஸ்கேலின் நுனியால் நிமிர்த்துவார். சந்தோஷமாக இருந்தால் என்னை "ஏளா" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும். "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க" என்றாரென்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன். வர்ணம் போட்டு முடித்த படத்தைச் சுவரோரம் தலைகீழாக நிறுத்திவிட்டு, வாசல்படி வரைக்கும் போய் நின்று, சட்டென்று திரும்பிப் பார்ப்பார். முதலில் கண் எங்கே விழுகிறது, அடுத்து எங்கே போகிறது என்று எனக்கும் சொல்லவேண்டும். மூக்கு, வாய் எல்லாம் தலைகீழாகக் கிடக்கும்போது வர்ணம் மட்டும்தான் பேசும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் ஒரு படத்தை எடை போட எனக்கு வேறு வழி தெரியாது.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் சீமையிலிருந்து டியூப் வருவது நின்றது. இருந்ததைப் பிதுக்கி, பிறகு டியூபைக் கத்தரித்துச் சுரண்டி ஓட்டினோம். ஒருநாள் அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "இனிமே ஒரு படத்துக்கு ஒரு எடத்துலதான் கலர். எங்கனன்னு வாரவுகளே சொல்லட்டும்." ஜனங்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நடந்ததே வேறு. காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் அரைமணி நேரம் யோசித்துவிட்டுத் தன் மடியில் இருந்த மகனின் தொப்பிக்குப் பச்சை கேட்டார். முத்தையாபுரத்திலிருந்து வந்த புதுமாப்பிள்ளை ஒருவர் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தன் கைக்கடிகாரத்துக்குத் தங்கக் கலர் கேட்டார். அந்தப் பெண் பார்த்த பார்வையில் அவரே மாற்றி, "சரி, அவ காதுப் பாம்படத்துக்குப் போடுங்க" என்றார். முழுக்கப் பூசிய படத்தைவிட இந்த ஒற்றை வர்ணப் படத்துக்கு முன்னால் ஆட்கள் அதிக நேரம் நின்றார்கள். பூச்செண்டுப் பையா, கேட்டுக்கொள்: அங்கே நிற்கிற வர்ணம் ஒருவருடைய ஆசை.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. பழைய படத்திலிருந்து ஒருவரை மட்டும் பெரிதாக்கித் தரச்சொல்லி யார் வந்தாலும் அண்ணாச்சி முதலில் "ஆள் இருக்காகளா?" என்று கேட்பார். இல்லை என்றால் அந்தப் படத்துக்குத் துளி வர்ணம் கிடையாது. யுத்தத்துக்கு முன்னாலிருந்தே அவர் வைத்த முறை அது. ஊருக்கும் அது படிந்துபோயிருந்தது. எங்கள் ஸ்டூடியோ அட்டையில், எந்த இடத்திலும் வர்ணம் இல்லாத ஒரு தனி முகம் சுவரில் தொங்கினால், வீட்டுக்கு வந்தவர்கள் கேள்வி கேட்காமல் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

இந்த முறையோடு நான் மோதிய கதைதான் மீதி.

யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். புன்னைக்காயலிலிருந்து தொம்மை என்று ஒருவர் வந்தார். தோணிக்குப் பாய் தைக்கிறவர். கட்டைவிரல்கள் ஒவ்வொன்றும் பனங்கிழங்கு மாதிரி இருக்கும். ஒரு புதுத் தோணியைக் கடலில் இறக்கிய அன்று அண்ணாச்சி எடுத்துக்கொடுத்த குரூப் போட்டோவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பின்வரிசையில் தலையில் துண்டு கட்டி நின்ற ஒருவனைக் காட்டினார்.

"இது என் தம்பி மிக்கேல். இவன மட்டும் பெருசாக்கித் தரணும்."

"ஆள் இருக்காகளா?"

தொம்மை தெருவைப் பார்த்தார். "அதே தோணிதான். ஐப்பசியில கொழும்புக்குச் சரக்கேத்திப் போச்சு. அங்கன சேரல. இங்கன திரும்பல. ஒரு பலகைத் துண்டுகூட ஒதுங்கல. காத்தோ, சண்டைக் கப்பலோ, யாருக்குத் தெரியும்? கலர் வேண்டாம் அண்ணாச்சி. திங்கக்கிழமை அவனுக்குப் பூசை. சனிக்கிழமை வந்து வாங்கிக்கிடுதேன்."

அண்ணாச்சி அன்றைக்கே அந்த உருவத்தைக் காப்பி எடுத்துப் பெரிதாக்கினார். அந்த அளவில் தாள் எங்களிடம் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மொச்சைக்கொட்டை அளவு முகம் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தபோது மூக்கு ஒரு நிழலாகவும், கண்கள் இரண்டு புள்ளிகளாகவும் நின்றன. பென்சிலைச் சீவிக்கொண்டு நான் ரீடச்சுக்கு உட்கார்ந்தேன். இல்லாத மூக்கை நாமாக வரைந்துவிடக்கூடாது. இருக்கிற நிழலைக் கொஞ்சம் இறுக்கலாம், அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு பெண் வந்தாள். நீலச் சேலை, கறுத்த நெடிய முகம், என்னைவிட நாலைந்து வயது மூத்திருக்கலாம். என் மேஜையில் இருந்த படத்தைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள். மிக்கேலின் மனைவி செசிலி.

"எங்க வீட்டுப் பெரியவுக வந்தாகளா? செத்தவுக படமாப் போடச் சொன்னாகளா?"

நான் தலையை ஆட்டினேன்.

"கலர் போடு தங்கச்சி."

"அக்கா, அவுக..."

"திங்கக்கிழமை பூசையாம். தூம்பாப் பெட்டிக்குள்ள உடம்பு கெடையாது. வெறும் பெட்டி. அதுக்கு மேல இந்தப் படத்த வைப்பாக. கலர் இல்லன்னு பாத்த ஒடனே கோயில்ல இருக்க பூரா பேரும் சிலுவை போட்டுக்கிடுவாக. அதோட நான் முடிஞ்சேன். கழுத்துல கெடக்கதக் கழத்திட்டு, இந்தச் சீலைய அவுத்துப் போட்டுட்டு எங்க அப்பன் வீட்டுக்குப் போணும்."

"ஏன்க்கா, பெரியவருக்கு உங்க மேல என்ன கோவம்?"

"கோவம் ஒண்ணும் இல்ல. நல்ல மனுசந்தான். அவுக தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி வச்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, 'ஒங்க வீட்டுல இழவா இல்லையான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, பெறவு கலியாணம்'ங்காக. அவுக முடிவு பண்ணிட்டாக."

"மிக்கேல் அண்ணன் இருக்காகன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லன்னு அவுகளுக்குத் தெரியுமா?"

டார்க் ரூமிலிருந்து அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"இங்க பாரும்மா, ஆர்டர் குடுத்தது அவுக. கலர் வேண்டாம்னு சொல்லிட்டாக. நாம படம் போடுதோம், அவ்வளவுதான். உசிரு குடுக்கதும் எடுக்கதும் மேல உள்ளவன் வேலை."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க வரவில்லை. "அப்ப கலர் இல்லாமக் குடுத்தா நாம எடுத்த மாதிரிதான அண்ணாச்சி?"

"வாங்க டீச்சரம்மா" என்றார் அவர். "சட்டம் பேசுங்க. கலரப் போட்டுட்டு நாளைக்கு அந்த ஆளு வராமப் போனா, அந்தப் பொய்ய யாரு செமக்கது? நீங்களா?"

அதுவும் நியாயம்தான். முகத்துக்கு வர்ணம் கொடுத்தால் அவன் இருக்கிறான் என்று நான் சொன்னதாகிவிடும். எனக்கு அது தெரியாது. ஒன்றும் கொடுக்காவிட்டால் அவன் இல்லை என்று சொன்னதாகிவிடும். எனக்கு அதுவும் தெரியாது. தெரியாத ஒன்றின்மேல் அவள் கழுத்துத் தாலி போகப்போகிறது. செசிலி வாசல்படி இறங்கும்போது ஓடிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, தலையில கட்டியிருக்கது என்ன நெறம்?"

"சிவப்பு. ஆத்தூர் சந்தையில நான் வாங்குன துண்டு. மொத நாள் கட்டிட்டுப் போனப்ப, சேவக்கொண்டை வாரான் பாருன்னு கரையே சிரிச்சிது. கழட்டவே இல்லியே அவுக."

திரும்பி வந்து அண்ணாச்சியிடம் நேராகவே சொன்னேன். "துண்டுக்குச் சிவப்புப் போடப்போறேன். மொகத்தத் தொட மாட்டேன்."

"போட்டா திங்கக்கிழமை வேலைக்கு வர வேண்டாம்" என்றார். கேமராவைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஒரு குரூப் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்துக் கேமரா பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பாக விழும், நீலமெல்லாம் வெளுப்பாக விழும். குங்குமப்பொட்டு மைப்பொட்டாகத்தான் வரும். மிக்கேலின் துண்டும் கரிக்கட்டையாக இருந்தது. எங்கள் எண்ணெய் வர்ணம் கண்ணாடி மாதிரி, கறுப்பின்மேல் தெரியவே தெரியாது. ஆகவே முதலில் துண்டை வெளுக்கவேண்டும். அதற்கு ரெட்யூசர் என்ற மஞ்சள் கரைசல் உண்டு, படத்தில் உள்ள கறுப்பைத் தின்கிற மருந்து. தின்ற கறுப்பு திரும்ப வராது. வேறு தாளும் இல்லை.

படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடிமேல் விரித்து, மேல்தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். மெல்லிய பிரஷ்ஷில் மருந்தைத் தொட்டுத் துண்டின் நடுவில் வைத்தேன். ஓரத்துக்குப் போகவில்லை; மருந்து தானாகவே ஊர்ந்து ஓரத்துக்குப் போகும். போவதற்குள் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடவேண்டும். மறுபடி ஒரு தொடல், மறுபடி கழுவல். ஒரு தடவை நெற்றி முடியை மருந்து எட்டப்பார்த்தது. படத்தைத் தூக்கிக் குழாயடியில் பிடித்துவிட்டேன், என் சேலையெல்லாம் நனைந்தது. கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்து சாம்பலானபோதுதான் அந்தத் துண்டின் மடிப்புகள் வெளியே வந்தன. ஒரு முடிச்சு, அதன் மேல் கொஞ்சம் நிமிர்ந்து நின்ற நுனி. சேவல்கொண்டையேதான்.

பிறகு ஹைப்போ மருந்து, பிறகு தண்ணீர், பிறகு விசிறி. தாள் காய்ந்ததும் கத்தரித்த டியூபின் மடிப்பிலிருந்து சிவப்பைச் சுரண்டினேன். கடுகுக்குக் கொஞ்சம் அதிகம் தேறியது. நுனியில் கொஞ்சம் அடர்த்தியாகவும் மடிப்புகளில் லேசாகவும் தேய்த்தேன். முகத்தின் பக்கம் பஞ்சைக் கொண்டுபோகவில்லை.

சனிக்கிழமை காலையில் அண்ணாச்சி அதைப் பார்த்தார். எடுத்துப் போய்ச் சுவரோரம் தலைகீழாக வைத்தார். வாசலுக்குப் போனார், திரும்பினார்.

"கண்ணு துண்டுக்குப் போகுது" என்றார் கடைசியில். "அங்கேருந்து மூஞ்சிக்கு வருது. அங்கன நின்னுக்கிடுது."

"நல்லா இருக்கா அண்ணாச்சி?"

"நல்லா இருக்கதுதான் எனக்கு எரிச்சல். அந்தாளு வந்தா நீங்களே பேசிக்கிடுங்க டீச்சரம்மா."

தொம்மை வந்தார். படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"கலர் வேண்டாம்னுதான சொன்னேன்? இது என்ன? ஆளு இருக்கானா, இல்லையா?"

"தெரியாது அண்ணே."

"என்ன தெரியாது?"

"அவுக இருக்காகளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அதான் மொகத்துக்குப் போடல. துண்டு சிவப்புன்னு தெரியும். தெரிஞ்சதுக்குப் போட்டேன்."

"அவ வந்தாளா இங்க? செசிலி வந்தாளா?"

"வந்தாக. மொகத்துக்குத்தான் கேட்டாக. நான் செய்யல."

"ஏளா, எங்க வீட்டுல ஒரு கொமரு கலியாணத்துக்கு நிக்கி. மாப்பிள்ளை வீட்டுக்காரன் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கான். இந்தப் படத்த வச்சு நான் எப்படிப் பூசை வைக்க? அழி இத!"

நான் டர்பண்டைன் புட்டியைத் திறந்து, பஞ்சை நனைத்து நீட்டினேன்.

"இன்னும் காயல அண்ணே. தொடச்சாப் போயிரும். ஆனா நான் தொடைக்க மாட்டேன். நீங்க தொடைங்க."

அவர் பிடுங்காத குறையாகப் பஞ்சை வாங்கினார். பாய்த் துணியில் கோணி ஊசி தள்ளுகிற கை அது. துண்டின் நடுவில் அழுத்தி வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தார். சிவப்பு துண்டைவிட்டு இறங்கி, மிக்கேலின் நெற்றியில் நீளமாகப் படிந்தது.

"ஐயோ!" என்றார் தொம்மை. பஞ்சைக் கீழே போட்டுவிட்டார். "ஏளா, எடு! எடு! நெத்தியில பட்டுட்டு! மாதாவே, அவன் நெத்தியில பட்டுட்டு, எடும்மா சீக்கிரம்!"

படத்தை மேஜையில் வைத்தேன். புதுப் பஞ்சு சுற்றினேன். புருவத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, மேல்நோக்கித் துண்டை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தேன். ஒவ்வொரு ஒற்றலுக்கும் பஞ்சை மாற்றினேன். தொம்மை மேஜைமேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ டாக்டர் பக்கத்தில் நிற்கிறவர் மாதிரி நின்றார். நெற்றி சுத்தமாகிவிட்டது. துண்டின் நடுவில் மட்டும் ஒரு வெளுத்த கோடு.

"இனி துண்டையும் தொடச்சிரவா அண்ணே?"

அவருடைய பெரிய விரல் துண்டின் நுனிக்கு மேலே, தொடாமல் நின்றது.

"சேவக்கொண்டைன்னு பேரு வச்சவனே நாந்தான்" என்றார். "ஊரு சிரிச்சிது. இவன், 'நீ கூப்பிட்டதால இனி கழத்த மாட்டேன்'னுட்டான்." படத்தை என் பக்கம் தள்ளி, "அந்தக் கோட்டைச் சரி பண்ணு" என்றார்.

"பூசை?"

"எதுக்குன்னு வைக்க? எனக்கு மட்டும் என்ன தெரியும்?" முகத்தைத் தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "கோயில் சாமியார்கிட்ட நான் பேசுதேன். மாப்பிள்ளை வீட்டுலயும் பேசுதேன். மேளம் இல்லாம நடத்திக்கிடுவோம். ஒத்துக்கிடலன்னா வேற மாப்பிள்ளை."

கோட்டைச் சரி செய்து கொடுத்தேன். காயாத படத்தை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும் அண்ணாச்சி கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போனேன். அண்ணாச்சி அப்போதுதான் கதவுப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நெகட்டிவெல்லாம் தூசியாக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தொம்மை தங்கச்சிக்குக் கலியாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அதே மாப்பிள்ளைதான், மேளம் இல்லாமல். செசிலி நீலச் சேலையிலேயே பந்தியில் நின்று பரிமாறினாளாம். சுவரில் சிவப்புத் துண்டோடு மிக்கேல். வந்தவர்களுக்குச் சிலுவை போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியவில்லையாம். கையை நெற்றிவரை கொண்டுபோய்விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டவர்கள் பலர் என்று, சாப்பிட வந்த ஒருவர் கடையில் சொல்லிச் சிரித்தார்.

யுத்தம் முடிந்து, துறைமுகத்தில் பழையபடி தோணிகள் நெருக்கியடித்து நிற்கத் தொடங்கிய பிறகு, செசிலி மறுபடி வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அதே வேகமான நடை. கருவாட்டு வியாபாரம் செய்கிறாளாம்; சொல்லுமுன்பே வாசனை சொல்லிவிட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, அந்தப் படத்தோட நெகட்டிவ் இருக்கா?"

"இருக்குக்கா."

"கலர் இல்லாம ஒண்ணு போட்டுத் தா."

யார் சொல்லி அனுப்பியது, பெரியவரா என்று கேட்டேன்.

"அவுக ஒரு வார்த்தை சொல்லல. நாந்தான். கொழும்புலேருந்து வந்த தோணி ஒவ்வொண்ணுக்கும் போய் நின்னு, அத ஓட்டிட்டு வார தண்டல்மாரக் கேட்டேன். வேற கரையில ஒதுங்குனவுக, சிறையில கெடந்தவுக, வரவேண்டியவுக பூரா வந்தாச்சு. அவுக தோணி கவுந்தத இப்பதான் ஒரு தண்டல் சொன்னாரு. கண்ணால பாத்தவரு. இவ்வளவு நாளும் வேற கரைல கெடந்திருக்காரு மனுசன்." அவள் குரல் உடையவில்லை. "இப்ப எனக்குத் தெரியும். பூசைய நான் வைக்கேன்."

அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் டார்க் ரூமுக்குள் போனார். அவள் அப்படியே நின்றுகொண்டு முந்தானையைச் சரி செய்தாள்.

"என்னையும் ஒரு படம் எடுக்கச் சொல்லு. தனியா."

"எடுக்கலாம்க்கா. டியூப் எல்லாம் வரத் தொடங்கிட்டு. சீலைக்கும் சேத்தே முழுசாப் போட்டுத் தாரேன்."

"சீலைக்கு ஒண்ணும் வேண்டாம். இனி அது வெள்ளதான். மூஞ்சிக்குப் போடு." அவள் என் ஈர்க்குக் குச்சிகளைப் பார்த்தாள். "கறுப்பாவே போடணும், சொல்லிட்டேன். ரோஸப் பூசி ஏமாத்துன, காச வாங்காமத் திருப்பித் தந்துருவேன்."

"ஏன்க்கா, காசு குடுக்கதே நீங்கதான?"

சிரித்துவிட்டாள். அண்ணாச்சி அந்த நேரம் பார்த்து வெளியே வந்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவளை உட்காரவைத்து எடுத்துவிட்டார். ஸ்கேலைத் தொடவே இல்லை.

அந்த முகத்துக்கு எனக்கு ஒரு நாள் பூராவும் பிடித்தது. எங்கள் டியூப் பெட்டியில் சதைநிறம் என்று எழுதி வருவது எல்லாம் வெள்ளைக்காரர்கள் சதைநிறம். மண்பழுப்பையும் கொஞ்சம் மஞ்சளையும் கலந்து, கன்னத்து மேட்டில் துளிச் சிவப்பு சேர்த்து, போட்டு, துடைத்து, மறுபடி போட்டேன். வெயிலில் நின்று கூவி விற்கிற ஒரு கறுத்த முகம் பிளேட்டில் வெளுத்து விழுந்த சேலைக்கு நடுவிலிருந்து மெல்ல வந்தது. அண்ணாச்சி அதைத் தலைகீழாக வைத்துப் பார்க்கவில்லை. "வேண்டாம், தெரியுது" என்றார்.

இரண்டு படத்தையும் ஒரே நாளில் வாங்கிப் போக வந்தாள். மிக்கேலின் படம் காய்ந்து முடிந்திருந்தது. அதைத் தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவள் படம் இன்னும் காயவில்லை. ஒரு நாள் கழித்து வாருங்கள் அக்கா என்றேன், கேட்கவில்லை. பஸ் வரைக்கும் கூடப் போனேன். கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து இடம்விட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் படத்தை இரண்டு உள்ளங்கையிலும் மட்டமாக ஏந்தி, யார் தோளும் இடித்துவிடாதபடி முழங்கைகளை விரித்துக்கொண்டாள். பஸ் கிளம்பித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தைப் பார்த்தபடி அவள் முகம் அவள் கையில் இருந்தது.